சித்தியின் தோள்வலி

எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளில் பஸ் கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டே இறங்கியவள் சித்தி ஒருத்திதான். சண்டைக்குக் காரணம் அவள் தோளில் தொங்கிய பை. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் உயரத்துக்கு இருந்தது அது. பின்னால் டிக்கியில் போடச் சொல்லியிருக்கிறார் கண்டக்டர். முடியாது என்று சொல்லிவிட்டுச் சென்னையிலிருந்து செஞ்சி வரைக்கும் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். பக்கத்து சீட்டுக்காரர் வீணையா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாளாம்.

"எதுக்கு சித்தி பொய் சொன்னே?" என்று கேட்டேன்.

"டென்னிஸ்னு சொன்னா அடுத்த கேள்வி வரும். வீணைன்னா அதோட விட்டுடுவாங்க."

அந்த அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அடுத்த நிமிஷமே அதைக் கேட்டவள் நான்தான். "டிவியில நீ எப்ப வருவே?"

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. அம்மா கல்யாணமாகிச் சென்னையிலிருந்து செஞ்சிக்கு வந்தபோது சித்தி பாவாடை கட்டிக்கொண்டு டென்னிஸ் ஆடப் போய்க்கொண்டிருந்தாளாம். ஆறு வயதில் அவள் கையில் பேட்டைக் கொடுத்தவர் தாத்தா. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த அவர் தம் ஆயுளில் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு கிளப்பின் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்து அந்த ஆட்டத்தின் மேல் ஆசை வைத்தவர். பிறகு மகளுக்காக வேலையைச் சீக்கிரமே விட்டுவிட்டு, அவளோடு ஊர் ஊராக அலைந்தார். எங்கள் வீட்டு ஆல்பத்தில் சித்தி இருக்கிற போட்டோக்களில் எல்லாம் ஓரத்தில் தாத்தாவும் இருப்பார், கையில் தண்ணீர் பாட்டிலோடு.

முந்தின வருஷம் சித்திக்கு வலது தோளில் ஆபரேஷன் நடந்திருந்தது. சென்னையில் இருந்தால் பார்க்க வருகிறவர்கள் கேள்வி கேட்டே கொன்றுவிடுகிறார்கள், செஞ்சியில் கொஞ்ச நாள் ஓய்வாக இருக்கட்டும் என்று அம்மாதான் வரவழைத்தாள். பாவம், அம்மா எங்கள் நைனாவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நைனாவுக்கு பஜாரில் மோட்டார் பம்ப்செட் கடை. சித்தி வந்த வாரத்திலேயே கடைக்கு மேலே ஒரு பிளக்ஸ் பேனர் ஏறியது. பின்னால் ராஜகிரி மலை, முன்னால் பேட்டை ஓங்கிய சித்தி, 'உலக டென்னிஸ் வீராங்கனையை வருக வருக என வரவேற்கிறோம்' என்ற வாசகம், கீழே கைகூப்பிய நைனா. நைனா சித்தியைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தார். பிளக்ஸ் கடைக்காரன் இடம் மிச்சமாகிவிட்டது என்று பெரிதாக்கிவிட்டதாகச் சொன்னார். அம்மா நம்பவில்லை.

பேனரைப் பார்த்துவிட்டுத்தான் ஊரில் விசாரணை ஆரம்பித்தது. வல்லத்திலிருந்து மோட்டாருக்கு வாஷர் வாங்க வந்த ஒரு பெரியவர், கடையில் உட்கார்ந்திருந்த சித்தியை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, உலகத்துல நீ எத்தினாவது?"

"நானூத்துச் சொச்சம் தாத்தா."

பெரியவர் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானூறா? பரவால்ல. இன்னும் வயசு இருக்குது, முன்னுக்கு வந்துடுவே," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் ஏமாற்றம்தான். எங்கள் வகுப்பில் கடைசி ரேங்க் வாங்குகிற பையன்கூட நாற்பதைத் தாண்டியதில்லை. அதை வெளிப்படையாகவே சொன்னேன். சித்தி கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க கிளாஸ்ல எத்தினி பேரு? உலகத்துல எத்தினி பேரு? யோசிச்சுப் பாரு," என்றாள். யோசித்துப் பார்த்தேன். உலகத்தில் எவ்வளவு பேர் என்பது பிடிபடாமல் நழுவியது. ஆனால் அவள் சொன்ன இன்னொரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு போட்டியில் ஜெயித்துச் சம்பாதித்த பாயின்ட் ஒரு வருஷம்தான் செல்லுபடியாகுமாம். அதே வாரத்தில் அடுத்த வருஷமும் ஜெயிக்காவிட்டால் கழன்றுவிடுமாம்.

"அப்ப நீ சும்மா ஒக்காந்திருந்தாலே ரேங்க் போயிடுமா?"

"ஆமா. இப்ப இந்த நாற்காலியில ஒக்காந்திருக்கேன் இல்ல? இப்பவும் போய்க்கினே இருக்கு."

நான் நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தேன். சித்தி சிரித்த சிரிப்பில் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து நான் அவளை விட்டு நகரவில்லை. பள்ளிக்கூட நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் பின்னாலேயே போனேன். கேள்விகள் தீரவே இல்லை. அவள் ஆடப் போன துருக்கியில் என்ன சாப்பிடுவார்கள்? தோற்றால் அழுவாயா? ஜெயித்த பெண்ணும் தோற்ற பெண்ணும் ஒரே ரூமில் தங்கினால் பேசிக்கொள்வார்களா? சித்தி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். தோற்றால் ஆரம்பத்தில் அழுகை வருமாம். அப்புறம் அழுகை நின்று தூக்கம் வருமாம். துருக்கியில் எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் விழித்தாள். ஏர்போர்ட், ஓட்டல், கோர்ட், திரும்ப ஏர்போர்ட். ஊரைப் பார்க்க நேரம் இருந்ததில்லையாம். இத்தனை நாடு சுற்றியவள் எதையுமே பார்த்ததில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதனாலோ என்னவோ, செஞ்சியை அவள் விடாமல் பார்த்தாள். மணிலாக்கொட்டைச் செடி பிடுங்குவதைப் பார்க்கச் சிங்கவரம் வரைக்கும் சைக்கிளில் போய் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜகிரிக் கோட்டை ஏறினோம். டிக்கெட் கொடுக்கிறவர்கூட அவளை அடையாளம் கண்டுகொண்டு, "அடுத்த டோர்னமென்ட் எப்பங்க?" என்று கேட்டார். சித்தி சிரித்து மழுப்பிவிட்டு வேகமாக நடந்தாள். மேலே போகப் போகப் படிகள் உயரமாகிவிடும். ஒரு இடத்தில் என்னால் கால் எட்டி வைக்க முடியவில்லை. மேல்படியில் நின்ற சித்தி குனிந்து கையைக் கொடுத்து ஒரே இழுப்பில் என்னைத் தூக்கிவிட்டாள். நின்ற பிறகுதான் கவனித்தேன், அது வலது கை.

"வலிக்கலையா சித்தி?"

அவள் தன் கையை யாருடைய கையோபோலப் பார்த்தாள். "இங்க வலிக்காது பாப்பா," என்றாள்.

இங்கே வலிக்காத தோள் வேறெங்கே வலிக்கும் என்று யோசித்தேன். இரண்டொரு நாளில் கண்டுபிடித்தும் விட்டேன். சாயந்திரமானால் தாத்தா சென்னையிலிருந்து போன் செய்வார். அப்போது வலிக்கும். காலையில் காஸ் சிலிண்டரை உருட்டாமல் தூக்கி அடுப்படியில் வைத்தவள், போனை எடுத்ததும் குரலைத் தாழ்த்தி, "இன்னும் ஒரு மாதிரி இழுக்குதுப்பா... தூங்கறப்போ படுக்க முடியல..." என்பாள். போனை வைத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றுவாள். அந்தத் தோளுக்குப் போன் மணி அடித்தால்தான் வலியே வரும் போலிருந்தது.

எனக்கும் அந்த மாதிரி வயிற்றுவலி உண்டு. கணக்குப் பரீட்சை அன்றைக்கு மட்டும் வரும். அதனால் அந்தத் திசையில் கொஞ்சம் சந்தேகப்பட்டேன். ஆனால் கணக்கு உதைத்தது. சித்திக்குப் பரீட்சை ஏது? அவள் செய்வது விளையாட்டு. படிப்பிலிருந்து தப்பிக்க வலி வரலாம், விளையாட்டிலிருந்து தப்பிக்க யாருக்காவது வலி வருமா? பெரியவர்களின் தோளில் நமக்குத் தெரியாத ஏதோ இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் நைனா வியாபாரிகள் நாலு பேரோடு சேர்ந்து ஒரு திட்டம் போட்டுவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு கண்காட்சி ஆட்டம். எதிர்த்து ஆடப்போகிறவர் எங்கள் பி.டி. சார். அவர் பூப்பந்தில் மாவட்டத்துக்காக ஆடியவர். டென்னிஸ் பேட்டைத் தொட்டதில்லை என்றாலும் எந்தப் பந்தானாலும் பந்துதானே என்ற தைரியம் உள்ளவர். சித்தி மறுத்தாள்.

"மாமா, தோள் இருக்கிற நெலமையில எப்படி மாமா?"

"சும்மா நாலு தட்டு தட்டும்மா. மைக்செட்டுக்குச் சொல்லிட்டேன்," என்றார் நைனா, மைக்செட்டுக்குச் சொல்லிவிட்டால் மறுபேச்சுக்கு இடமில்லை என்பதுபோல.

அம்மா நைனாவைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே தாத்தாவின் போன் வந்தது. நைனா வாங்கி விஷயத்தைச் சொல்லிவிட்டார். தாத்தா சத்தம் போடுவார் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். அவரோ சந்தோஷப்பட்டார். அவர் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கும். "நல்லதாப் போச்சு மாப்ள. லேசா ஆடிப் பாக்கலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு. தாய்லாந்துல அடுத்த மாசம் ஒரு போட்டி இருக்குது, அதுக்குப் பேரு குடுத்துடலாமான்னு இதுலயே தெரிஞ்சுடும். நானே வரேன், வந்து பாத்துட்டு கையோட கூட்டிக்கினு போயிடறேன்."

சித்தி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த தேங்காய் மூடியை அவள் பிறகும் ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை.

ஆட்டத்தன்று மைதானம் நிரம்பிவிட்டது. செம்மண் தரையில் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, பூப்பந்து வலையைத் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். சித்தி கோடுகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "வெளிநாட்டுல இந்த மாதிரித் தரைக்கு ரொம்ப மரியாதை," என்று பி.டி. சாரிடம் சொன்னாள். அவர் அதை மைக்கில் சொல்லச் சொல்லி அனுப்பினார். தாத்தா காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில்.

ஆட்டம் ஆரம்பித்ததும் எனக்கு அவமானமாகிவிட்டது. சித்தி பந்தை இடுப்புக்குக் கீழிருந்து மெதுவாக அள்ளிப் போட்டாள், குழந்தைக்கு லட்டு எறிவதுபோல. பி.டி. சார் மரியாதையாக முதலில் திருப்பித் தட்டினார். பிறகு கை சூடாகி, பூப்பந்துப் பழக்கத்தில் குதித்து ஓங்கி அடிக்க ஆரம்பித்தார். சித்தி அதில் பாதியை எடுக்கவே போகவில்லை. கூட்டத்துக்கு ஒரே குஷி. "இன்னாப்பா இது, நம்ம சார் தாய்லாந்து போலாம் போலக்குது!" என்று யாரோ கத்தினார்கள். தாய்லாந்துப் போட்டியையும் மைக்கில் சொல்லிவைத்திருந்த நைனா, மைக்செட் பக்கத்தில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தாத்தா அசையவில்லை.

அப்புறம் அது நடந்தது. ஏன் அப்போது நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சித்தி பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தினாள். பந்து அவள் இடது கையிலிருந்து மேலே போனது, கூடவே முகமும் போனது. முதுகு வில்லாக வளைந்தது. லாரி டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம். மைதானச் சுவர் ஓரத்தில் சைக்கிள்கள் இரண்டு சரிந்து விழுந்தன. அப்போதுதான் பந்து அங்கே போய்விட்டது என்று எங்களுக்குத் தெரிந்தது.

பி.டி. சார் குனிந்தது குனிந்தபடியே கேட்டார், "வந்துட்டுச்சா?"

பிறகு விசில் கிளம்பியது பாருங்கள், கோட்டைக் குரங்குகள் எல்லாம் அன்றைக்குத் திருவண்ணாமலைக்கே ஓடியிருக்கும். சித்தி சிரித்துக்கொண்டு நின்றாள். கடையில் நான் நாற்காலிக்குக் கீழே குனிந்தபோது சிரித்தாளே, அந்தச் சிரிப்பு. பக்கத்தில் தாத்தா எழுந்துவிட்டார். தண்ணீர் பாட்டில் உருண்டு ஓடியது. இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, குழந்தை மாதிரி குதிக்கப் போகிறவர்போல நின்றார்.

சித்தி இந்தப் பக்கம் திரும்பினாள். தாத்தாவைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. அதற்குப் பிறகுதான் இடது கை மெதுவாக வந்து வலது தோளைப் பிடித்தது. பேட் கீழே விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் ஓடிவந்தது. தாத்தா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முதலில் போய் அவள் அருகில் மண்டியிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே போனதால் பக்கத்திலேயே நின்றேன்.

"எங்க வலிக்குதும்மா? பழைய எடத்துலயா?"

"ஆமாம்பா."

அந்தத் தோளை வருஷக்கணக்காக எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டவர் அவர். தேடாமலே அவர் கட்டைவிரல் ஒரு இடத்துக்குப் போனது. அழுத்தினார். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு, என்ன யோசனையிலோ, சும்மா இருந்தாள். தாத்தா விரலை எடுத்தார். எடுத்த பிறகு சித்தி திடுக்கிட்டதுபோல, "ஸ்ஸ்... அப்பா..." என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

தாத்தா அவளுக்கு முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தார். சித்தி நிமிரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தாத்தா தன் வேட்டி முனையால் துடைத்துவிட்டார். பிறகு எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"தோள் தசை திரும்பக் கிழிஞ்சிடுச்சு. டாக்டர் அப்பவே சொன்னாரு, இன்னொரு தரம் கிழிஞ்சா ஆட்டத்த விட்டுடணும்னு. போதும்மா. இதுவரைக்கும் ஆடுனது போதும்."

டாக்டர் அப்படிச் சொன்னதாக நான் கேட்டதே இல்லை. லேசாக ஆடலாம் என்று சொன்னதாகத்தான் போனுக்கு வெளியே கேட்டது. ஆனால் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நைனா, "எல்லாம் என்னாலதான் மாமா," என்று மைக் பக்கத்திலேயே நின்று அழுததில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. பி.டி. சார் சித்தியிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மா நைனாவோடு பல நாள் பேசவில்லை. சித்தி மேல்மாடி ரூமில் போய்ப் படுத்து, அப்படியொரு தூக்கம் தூங்கினாள்.

அவள் அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் போகவில்லை. தபாலில் பி.ஏ. முடித்து வைத்திருந்தவள், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சட்டம் படித்தாள். இப்போது விழுப்புரத்தில் வக்கீல். கோர்ட் என்றால் இப்போது அவளுக்கு வேறு கோர்ட். தோள் எப்படி இருக்கிறது என்று நைனா இன்றும் குற்ற உணர்ச்சியோடு கேட்பார். குளிர் காலத்தில் கொஞ்சம் இழுக்கிறது மாமா என்பாள்.

ஆட்டம் நடந்த அன்று தாத்தா சாயந்திர பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். சித்தி செஞ்சியிலேயே இருக்கட்டும், ஆசை தீர இருந்துவிட்டு வரட்டும் என்றார். அந்தப் பெரிய பையை மட்டும் தான் எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லித் தோளில் மாட்டிக்கொண்டார். நைனாவும் நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். நைனா பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போன சமயம் பார்த்து, ஆட்டம் முடிந்ததிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"தாத்தா, நீங்க அமுக்குனப்போ சித்திக்கு வலிக்கவே இல்ல. நீங்க கைய எடுத்தப்புறம்தான் ஸ்ஸ்னுச்சு. நான் பாத்தேன்."

தாத்தா என்னைப் பார்க்காமல் எதிரே நின்ற பஸ்ஸின் போர்டைப் படித்தார்.

"அப்டியா?"

"நெசமா தாத்தா."

"எனக்குத் தெரியலியே பாப்பா. நான் சரியா கவனிக்கல போலக்குது." பையைத் தோளில் ஏற்றி விட்டுக்கொண்டு, "நீ பாத்தத யார்கிட்டயும் சொல்லாத. உங்க சித்திகிட்டயும்தான்," என்றார்.

"ஏன் தாத்தா?"

பஸ் வந்துவிட்டது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, திருவிழாவுக்குப் போகிறவர்போலக் கை ஆட்டினார்.

வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். நான் சும்மா நின்று பார்த்ததே எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவரோ கையெட்டும் தூரத்தில், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர். அவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? எத்தனை விதமாக யோசித்தாலும் ஒரே ஒரு காரணம்தான் அகப்பட்டது. சொல்லாதே என்றதைச் சொல்லவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் இருப்பது ஆபத்து என்று பட்டதால், நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன்.

"தாத்தாவுக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு."

மறுநாள் அம்மா பதறிப்போய்ப் போன் செய்து விசாரித்தாள். ஆமாம்மா, கொஞ்ச நாளாவே பக்கத்துல இருக்கிறது சரியாத் தெரியல, என்று தாத்தா ஒப்புக்கொண்டாராம். நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று எனக்கு ஒரே பெருமை.